மேசைப்பந்து: ரொப்ஸ்பின் பழகுபவர்கள் விடும் தவறுகள்

கிளிநொச்சிப் பக்கம் பின்னேரங்களில் மேசைப்பந்தில் ரொப்ஸ்பின், அதாவது பந்தை முன்னோக்கிச் சுழலவைத்து அடிப்பது, பழகும் பிள்ளைகளைப் பார்த்தால், நாங்கள் அந்தக் காலத்தில் விட்ட பிழைகள் அப்படியே திரும்ப வருகின்றன. மட்டையைப் பிடிக்கும் முறை, மேசையோடு ஒட்டி நிற்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விடுகிறேன்.

முதலிலேயே வேகமான மட்டை

இதைக் கண்டால் எனக்கு இன்னும் எரிச்சல்தான். வன்னியில் நல்ல மட்டை வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டுச் சொந்தம் யாராவது கொண்டுவர வேண்டும். ஒரு பெடியனுக்குக் கனடா மாமா காபன் இழை சேர்த்த வேகமான மட்டை கொண்டுவந்தார், தடித்த ஸ்பொஞ்ச் இறப்பரோடு. அதுவரை பந்தை அழகாக உரசி எடுத்துக்கொண்டிருந்தவன் அவன். புது மட்டையால் முழுக் கையும் வீசினான். பந்து மேசையைத் தாண்டிச் சுவரில் போய் மோதியது. உடனே வீச்சைக் குறைத்தான். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு பந்தைத் தள்ளத் தொடங்கினான். இப்போது பந்து மேசையில் விழுகிறது, சுழற்சிதான் இல்லை.

பந்தின் எடை 2.7 கிராம்தான். நேராக அடித்தால் அது வேகமாகப் போகும், அவ்வளவுதான். மட்டை அதன் மேல் தோலை உரசிக்கொண்டு விரைந்தால்தான் சுழலும். முன்னோக்கிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அமுக்கும்; அதனால் வலைக்கு மேலே நன்றாக உயர்ந்து போனதும் மேசைக்குள் வளைந்து இறங்கும். அந்த வளைவை நம்பி முழுதாக வீசப் பழக வேண்டுமென்றால், பந்து பறந்துவிடுமோ என்ற பயம் இருக்கக் கூடாது. காபன் இல்லாத ஐந்தடுக்கு மர மட்டை, பிடிப்பான இறப்பர், 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஸ்பொஞ்ச் போதும். இறப்பர், ஸ்பொஞ்ச், பசை எல்லாம் சேர்த்து 4 மில்லிமீற்றர் வரை விதி விடுகிறது என்பதற்காக அந்த எல்லைவரை போகத் தேவையில்லை.

“அதை உள்ளே வை, பழையதை எடு” என்றேன். “மாமா வீடியோ கோலில் கேட்பார், சேர்” என்கிறான்! சரி, மாமாவுக்குக் காட்ட ஒன்று, பழக ஒன்று என்று முடிவானது. குறுகிப்போன வீச்சை நீட்டுவதுதான் இன்னும் இழுபடுகிறது.

பக்ஸ்பின்னுக்கும் அதே கோணம்

கீழ்ச்சுழற்சியோடு (பக்ஸ்பின்) வரும் பந்தை மூடிய மட்டையால், அதாவது முகம் மேசைப் பக்கம் சாய்ந்த மட்டையால், முன்னுக்கு இழுத்தால் வலையில்தான் விழும். மட்டையைச் சற்றுத் திறந்து, முழங்காலை மடித்து, கீழிருந்து மேலே உரசுங்கள். எதிராளி ரொப்ஸ்பின் போட்டால் மட்டையை மூடி, முன்னுக்குப் போங்கள்.

இறுக்கிப் பிடிப்பது

மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். தளர்த்துங்கள்.

புழுதி

கோடையில் மண்டபத்துக்குள் வரும் செம்மண் புழுதி இறப்பரில் படிந்தால் பந்து வழுக்கும். காற்சட்டையில் தேய்க்காமல் ஈரப் பஞ்சால் துடைத்து நிழலில் காயவிடுங்கள். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் மட்டையை விட்டால் இறப்பரின் ஓரம் கிளம்பும்.

கையிலிருந்தே வெட்டும் சேர்வ்

விரித்த உள்ளங்கையிலிருந்து பந்து 16 சென்ரிமீற்றராவது எழும்ப வேண்டும். பயிற்சியில் யாரும் கேட்கமாட்டார்கள். போட்டியில் நடுவர் புள்ளியை எதிராளிக்குக் கொடுத்துவிடுவார்.