ஸ்தோத்திரப் பண்டிகையில் பழைய உறவைத் தேடிச் சந்திக்க

தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத்தார் (மறைமாவட்டத்தார்) ஜூலை மாதத்தில் பாளையங்கோட்டையில் நன்றி செலுத்தக் கூடும் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு, பிழைப்புக்காக வெளியூர்களில் குடியேறிவிட்டவர்களும் விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதால், பல ஆண்டுகளாகப் பார்க்காத ஒருவரைச் சந்திக்க அது நல்ல தருணம். ஆனால் கூட்டத்தில் எப்படியும் கண்ணில் படுவார் என்று நம்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமலே ஊர் திரும்புகிறார்கள்.

முதலில், அவர் இப்போது எந்தச் சேகரத்தைச் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதியைச்) சேர்ந்தவர் என்று விசாரியுங்கள். 2003-இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்துவிட்டபடியால், நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம் பக்கத்துக்காரர் பாளையங்கோட்டைக்கு வந்தே தீருவார் என்று சொல்வதற்கில்லை. பெண்ணாக இருந்தால், எந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார் என்பதைத் திருமணம் நடந்த கோயிலில் (தேவாலயத்தில்) கேட்கலாம். இந்த வட்டாரத்துச் சபைகள் பெயர் எழுதி வைப்பதில் பழகியவை. பாளையங்கோட்டைச் சபையார் 40 பேரின் பெயர்ப் பதிவு 1780-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆயினும் பதிவேட்டைப் புரட்டுவதைவிட, கோயில் வேலைகளைக் கவனிக்கும் வயதான கோயில்பிள்ளை ஒருவரிடம் கேட்பதே விரைவான வழி என்பது என் எண்ணம்.

அடுத்து, இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வீட்டில் யாரேனும் இறந்திருக்கிறார்களா என்பதை, போவதற்கு முன்பே பொதுவான உறவினர் ஒருவரிடம் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற ஏற்பாடுகள் எது தவறினாலும் இது தவறக் கூடாது. சொத்துத் தகராறில் முறிந்த உறவுகூட ஒரு கல்யாணத்தில் ஒட்டிக்கொள்ளும். துட்டிக்கு (துக்கம் விசாரிக்க) வரவில்லை என்ற வருத்தம் அவ்வளவு எளிதில் ஆறாது. ஆகவே நலம் விசாரிப்பதற்கும் முன்னால், "மைனி, அண்ணாச்சி தவறினப்போ நான் வரலை, அது என் தப்புதான்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். விடுப்புக் கிடைக்கவில்லை, தகவல் தாமதமாக வந்தது என்பன உண்மையாகவே இருந்தாலும், அவர் கேட்டாலொழிய அவற்றை எடுக்க வேண்டாம். அதன்பின் அவர் பேசுவார்: எந்த ஆஸ்பத்திரி, கடைசியாக என்ன சாப்பிட்டார், அடக்க ஆராதனையில் யார் ஜெபித்தார் என்று வரிசையாகச் சொல்லுவார். அதைக் குறுக்கிடாமல் கேட்பதுதான் துட்டி கேட்பது. கைப்பேசியை அப்போது பையிலேயே வைத்திருங்கள்.

சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் கைப்பேசியில் பேசுவது காதில் விழாது என்பதால், இடத்தையும் நேரத்தையும் குறுஞ்செய்தியாகவே அனுப்பிவிடுவது நல்லது. மிஷனரி ரேனியஸ் காலத்தில், 1826-இல் எழுந்த தூய திரித்துவ ஆலயத்தின் ஊசிக்கோபுரத்தைப் பாளையங்கோட்டையில் அறியாதார் இல்லை. ஆனால் "கோபுரத்துப் பக்கம்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் நிற்க நேரும். எந்த வாசல், எந்தக் கடைக்கு எதிரே என்று குறிப்பிடுங்கள். ஆராதனை முடிந்த கையோடு வேண்டாம். அப்போது எல்லாரும் தத்தம் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

விடுதியில் கூடப் படித்தவர் என்றால், திடப்படுத்தலின்போது (சபையில் முழு உறுப்பினராக ஏற்கும் ஆராதனையின்போது) எடுத்த புகைப்படம் ஒன்று போதும், பேச்சுத் தானாக நடக்கும். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் 'அத்தை', 'பெரியப்பா' என்று முறை சொல்லியே அறிமுகப்படுத்துங்கள். 'ஆன்ட்டி' என்று சொல்லிவிட்டால் பெரியவர்களுக்குச் சட்டென்று ஒரு விலகல் தோன்றிவிடும். வரன் பேச்சை முதல் சந்திப்பிலேயே எடுக்காதீர்கள். அதற்காகத்தான் தேடி வந்தீர்கள் என்றாகிவிடும்.

பிரியும்போது அவரது எண்ணை ஊர்ப் பெயரோடு சேர்த்துப் பதிந்துகொள்ளுங்கள், ஏனெனில் நம் கைப்பேசிகளில் ஜெபராஜ்களுக்கும் சாமுவேல்களுக்கும் பஞ்சமில்லை. அவர்கள் ஊர்க் கோயிலின் பிரதிஷ்டைப் பண்டிகை எப்போது, அசனம் (பொது விருந்து) எந்த நாள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போக முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், வருவதாகச் சொல்லுங்கள்.