கொங்கு வானில் பயிற்சி விமானத்தின் இன்ஜின் நின்றுவிட்டால்

ஒற்றை இன்ஜின் பயிற்சி விமானத்தில் இன்ஜின் நின்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை, மூக்கைத் தாழ்த்திக் கையேட்டில் உள்ள மிதவை வேகத்தை, அதாவது இன்ஜின் இல்லாமல் அதிக தூரம் மிதந்து செல்ல உதவும் வேகத்தைப் பிடிப்பதே. செஸ்னா 172 எஸ் வகைக்கு அது 68 நாட் (மணிக்குச் சுமார் 126 கிலோமீட்டர்). தரைக்கு மேல் 3,000 அடி இருந்தால், காற்றில்லாத வேளையில் சுமார் 8 கிலோமீட்டர் வரை மிதந்து செல்லலாம். ஆனால் உயரமானி காட்டுவது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். கோவை விமான நிலையத் தரையே ஏறத்தாழ 1,300 அடி உயரத்தில் இருப்பதால், மானியில் 3,000 என்று தெரியும்போது நம்மிடம் உள்ளது 1,700 அடிதான். எட்டக்கூடிய தூரமும் 5 கிலோமீட்டருக்குள் சுருங்கிவிடும். இந்தக் கணக்கைப் புறப்படும் முன்பே போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இறங்கும் இடம். தென்மேற்குப் பருவக் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று பலமாக வீசும் என்பதால், மேற்கு நோக்கி இறங்கினால்தான் தரையைத் தொடும் வேகம் குறையும். பல்லடம், உடுமலைப் பக்கம் சுழலும் காற்றாலைகள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கின்றனவோ அங்கிருந்துதான் காற்று வருகிறது. திசையை அறிந்துகொண்டு அவற்றை விட்டு விலகிவிட வேண்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள் மேலிருந்து மெத்தென்று தெரிந்தாலும் ஆபத்தானவை. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள் திறந்த மேய்ச்சல் நிலங்கள். எனினும் கிளுவை வேலிக்கும் அடுத்த வேலிக்கும் இடையே போதிய நீளம் உண்டா என்று பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். உழுத காடு என்றால் உழவுசால் ஓடும் திசையிலேயே இறங்குவது நல்லது.

எனக்கு மிகவும் அச்சம் தருவது கிணறுகள்தான். பாறையை வெட்டி அகலமாகத் தோண்டிய இவற்றில் பலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தாழ்ந்து வரும்போது கடைசி நொடி வரை கண்ணில் படாமல் போகலாம். மின்கம்பி மேலிருந்து தெரியாது, கம்பம் தெரியும். கம்ப வரிசை காட்டுக்குள் நுழைந்து ஒரு மோட்டார் கொட்டகையில் முடிந்தால், அருகே கிணறு இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

இடம் முடிவான பிறகுதான் இன்ஜினை உயிர்ப்பிக்கும் முயற்சி. 172 எஸ் வகையில் எரிபொருள் அடைப்பான் திறந்திருக்கிறதா, டேங்கைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் இரு டேங்குக்கும் பொதுவான நிலையில் உள்ளதா என்று பார்த்து, துணை எரிபொருள் பம்பை இயக்கி, எரிபொருள்-காற்றுக் கலவையைக் கட்டுப்படுத்தும் மிக்ஸ்சரை முழுதாகத் தள்ளி, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவைச் சரிபார்க்க வேண்டும். பயனில்லையென்றால் ராடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடான 7700 வைத்து, பேசிக்கொண்டிருக்கும் அலைவரிசையிலோ அவசர அலைவரிசையான 121.5இலோ மேடே என்னும் அபாய அழைப்பு விடுங்கள். பிறகு மிக்ஸ்சர், எரிபொருள், மேக்னெட்டோ மூன்றையும் அணைத்துவிடுங்கள். மெதுவாக இறங்க உதவும் இறக்கை மடிப்பான ஃபிளாப் மின்சாரத்தால் இயங்குவதால், அதை இறக்கி முடித்த பின்னரே மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மாஸ்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். தரை தொடுமுன் கதவுகளின் தாழை விடுவித்துவிட்டால், கதவுச் சட்டம் நெளிந்தாலும் அவை சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு குறையும்.

புறப்பட்ட உடனே, தாழ்வான உயரத்தில் இன்ஜின் நின்றால் இவ்வளவுக்கும் நேரமிராது. ஓடுபாதைக்குத் திரும்ப முயலாமல், நேரே எதிரில் உள்ளதில் இறங்குவதே உயிர் காக்கும்.

இறங்கியதும் வெளியேறி, காற்று வரும் பக்கமாக விலகி நின்று 112ஐ அழையுங்கள். உதவிக்கு ஓடி வரும் ஊர்க்காரர்களிடம், எரிபொருள் கசியலாம் என்பதால் பீடி, சிகரெட் பற்றவைக்க வேண்டாம் என்றும், விசாரணைக்குத் தேவைப்படும் என்பதால் எந்தப் பாகத்தையும் நகர்த்த வேண்டாம் என்றும் பணிவாகச் சொல்லுங்கள்.