காய்ச்சல் விட்ட பிறகு வரும் மூளை, தண்டுவட அழற்சி: பெற்றோர் செய்ய வேண்டியவை

வைரஸ் காய்ச்சல் விட்டு ஓரிரு வாரங்களில், ஓடியாடத் தொடங்கிய குழந்தை மீண்டும் சோர்ந்து விழுந்தால், அதைக் காய்ச்சல் அசதி என்று எண்ணி நாள் கடத்தக் கூடாது. கிருமியை எதிர்த்த நோயெதிர்ப்பு மண்டலம், மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையையே தாக்குவதால் வரும் 'ஏடெம்' என்னும் அழற்சி, அரிதானதே எனினும், பெரும்பாலும் 10 வயதுக்குட்பட்டவர்களைத் தொற்றுக்குப் பின் 4 வாரங்களுக்குள் பிடிக்கிறது.

வெறும் அசதியென்றால் குழந்தை மெதுவாகவேனும் நேராக நடந்து வரும். இந்நோயிலோ, பெயர் சொல்லி அழைத்தால் கண் திறந்து பார்த்துவிட்டு மறுபடி உறக்கத்தில் ஆழ்வது, சம்பந்தமின்றி உளறுவது, கால்களை அகட்டி வைத்துத் தள்ளாடுவது, டம்ளரை எடுக்க நீட்டிய கை இலக்குத் தவறுவது, பார்வை மங்குவது ஆகியவற்றில் சில தென்படும். நெடுநேரம் சிறுநீர் கழிக்காமல் அடிவயிறு உப்பியிருந்தால் தண்டுவடமும் பாதிக்கப்பட்டிருக்கலாம். எதைக் கண்டாலும் அன்றே, இயன்றவரை எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அரை மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்குத் தண்ணீர்கூடப் புகட்ட வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கத்தால் நேரம் வீணாவதைத் தவிர வேறு பயனில்லை.

காய்ச்சல் தொடங்கிய தேதி, கொடுத்த மருந்துகள், அண்மையில் போட்ட தடுப்பூசி ஆகியவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்று அஞ்சிப் பலர் கையெழுத்திடத் தயங்குகிறார்கள். கிருமியே மூளையைத் தாக்கியிருக்கிறதா என்று பிரித்தறிய உதவும் அச்சோதனையை, மருத்துவர் தேவையென்று சொன்னால் மறுக்காதீர்கள். ஹெர்பீஸ் வைரஸ் தொற்று இல்லையென உறுதியாகும்வரை அதற்கான மருந்தான அசைக்ளோவிரும் சேர்த்துத் தரப்படலாம். முதன்மைச் சிகிச்சை, மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டை உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் வீதம், நாளொன்றுக்கு 1000 மில்லிகிராமுக்கு மிகாமல், 3 முதல் 5 நாட்கள் ரத்தக்குழாய் வழியே செலுத்துவதாகும். அதில் குணம் தெரியாவிட்டால் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்பொருள் மருந்து அல்லது பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்றம் கைகொடுக்கும்.

வீடு திரும்பியதும், 4 முதல் 6 வாரங்களில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய ஸ்டீராய்டு மாத்திரையை, பிள்ளை தேறிவிட்டதென்று தாமாக நிறுத்துவது ஆபத்து. பெரும்பாலான குழந்தைகள் நன்கு தேறிவிடுகிறார்கள்; சிலருக்குப் படிப்பில் கவனக்குறைவு நீடிக்கலாம். மயலின் உறையிலுள்ள ஒரு புரதத்தைத் தாக்கும் 'மாக்' (MOG) எதிர்ப்பொருள் ரத்தத்தில் உள்ளதா என்று பார்க்கும் சோதனையின் முடிவைக் கேட்டறியுங்கள். அது உள்ளவர்களுக்கு நோய் திரும்ப வாய்ப்புண்டு. இச்சிகிச்சைகளுக்குப் பின் தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைச் சில மாதங்கள் தள்ளிப்போட வேண்டியிருக்கும் என்பதால், அடுத்த ஊசிக்கான தேதியை மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.