பள்ளியில் பிள்ளைக்குப் பல் விழுந்தால்: முதல் அரை மணி நேரத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியவை

அடிபட்டு வேரோடு விழுந்த நிரந்தரப் பல்லை அதே குழியில் திரும்ப வைக்கலாம். சீக்கிரம் வைத்தால் பிடித்துக்கொள்ளவும் செய்யும். ஆனால் கையில் இருப்பது அரை மணி நேரம்தான். எங்கள் மதுரைப் பக்கம் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ வண்டி பிடித்து நகருக்குள் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுவதற்குள் அது தீர்ந்துவிடும். அதனால் பக்கத்தில் நிற்கும் ஆசிரியரோ சத்துணவு அக்காவோ செய்வதுதான் அந்தப் பல்லைக் காப்பாற்றும். உடற்கல்வி ஆசிரியனாக இதை எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். கற்றுக்கொள்ளக் கால் மணி நேரம் போதும்.

படி 1: அடிபடும் இடங்களைச் சரிசெய்யுங்கள்

கபடியில்தான் பல் போகும் என்று நினைப்போம். தண்ணீர்க் குழாயைக் கவனித்துப் பாருங்கள். இடைவேளை மணி அடித்ததும் ஒருவன் குனிந்து குழாயில் வாய் வைத்துக் குடிப்பான், பின்னால் நிற்பவன் தள்ளுவான். மேல் முன்பல் நேராகக் குழாயில் மோதும். டம்ளரைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள், அல்லது பாட்டிலில் பிடித்துக் குடிக்கச் சொல்லுங்கள். வரிசையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரிய வகுப்புப் பிள்ளையை நிறுத்துங்கள். ஓடிக்கொண்டே பாட்டிலில் குடிப்பது, பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு ஓடுவது, பெஞ்சு மேல் ஏறிக் குதிப்பது, ஈரமான மொசைக் தரை, இவையும் அப்படியே.

கபடி, ஹாக்கி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்குப் பல் கவசம் வேண்டும். விளையாட்டுச் சாமான் கடைகளில் வெந்நீரில் இளக்கிக் கடித்து வடிவம் எடுக்கிற வகை கிடைக்கும். முன்பல் தூக்கலாக உள்ள பிள்ளைகளுக்கு அடிபடும் வாய்ப்பு கூடுதல். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பக்குவமாகச் சொல்லுங்கள், பிள்ளை முன்னால் வேண்டாம்.

படி 2: முதலுதவிப் பெட்டியில் சேர்க்க வேண்டியவை

காஸ் துணி, கையுறை, மூடி போட்ட சின்ன டப்பா, சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) பாட்டில் ஒன்று. விழுந்த பல்லைக் காயாமல் வைக்கப் பாலும் வேண்டும், ஆனால் அதைப் பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். பள்ளி வாசல் டீக்கடை அண்ணனிடம் முன்பே பேசி வையுங்கள்: பிள்ளைக்கு அடிபட்டால் ஒரு டம்ளர் பால் வேண்டும், காய்ச்சாத பாக்கெட் பாலோ, காய்ச்சி ஆறவைத்ததோ, சர்க்கரை போடாமல். எந்தக் கடையும் மறுக்காது. பெற்றோர் வயக்காட்டில் இருப்பார்கள், போன் எடுக்காமல் போகலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு எண் வாங்கி வையுங்கள்.

படி 3: அடிபட்டதும் முதலில் தலையைப் பாருங்கள்

“சார், பல்லு விழுந்துருச்சு!” என்று பிள்ளைகள் ஓடி வருவார்கள். வாயில் ரத்தம் எப்போதும் அதிகமாகத் தெரியும், பதற வேண்டாம். மயங்கினானா, வாந்தி எடுத்தானா, பேச்சு குழறுகிறதா, காதிலோ மூக்கிலோ ரத்தமோ நீரோ வருகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108 அழையுங்கள், பல் அப்புறம். இல்லையென்றால் உட்காரவைத்து முன்பக்கம் குனியச் சொல்லுங்கள், ரத்தம் தொண்டைக்குள் போகாது. காஸ் துணியை மடித்துக் கடிக்கச் சொல்லுங்கள். காப்பித்தூள், மஞ்சள் எதையும் வைக்கக் கூடாது.

படி 4: பால் பல்லா, நிரந்தரப் பல்லா?

இங்கே தவறினால் மற்றதெல்லாம் தவறும். கீழ் முன்பல் 6, 7 வயதிலும், மேல் நடு முன்பல் 7, 8 வயதிலும் நிரந்தரமாக முளைக்கும். அதாவது இரண்டாம், மூன்றாம் வகுப்பிலேயே வாயில் நிரந்தரப் பல் இருக்கும். அது பால் பல்லைவிடப் பெரிது, சற்று மஞ்சள் கலந்த நிறம். புதிதாக முளைத்த பல்லின் நுனி ரம்பம் போல மூன்று மேடாக இருக்கும்.

பால் பல்லைத் திரும்ப வைக்கக் கூடாது, உள்ளே வளரும் பல் கெடும். சந்தேகமாக இருந்தால் வைக்காமல் பாலில் போட்டு எடுத்துப் போங்கள். சாணியில் பொதிந்து கூரையில் எறிகிற நம் வழக்கம் பால் பல்லுக்குத்தான். அதே பழக்கத்தில் பத்து வயதுப் பிள்ளையின் முன்பல்லைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

படி 5: நிரந்தரப் பல்லைத் திரும்ப வைப்பது

தேடி எடுங்கள், பிள்ளைகளையும் தேடச் சொல்லுங்கள். எடுக்கும்போது வாயில் வெளியே தெரிகிற வெள்ளைப் பகுதியை மட்டும் பிடியுங்கள். நீளமான வேர்ப்பக்கம் கை படக் கூடாது. பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கிற இழைகளும் உயிருள்ள செல்களும் அதில்தான் ஒட்டியிருக்கின்றன. காய்ந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலானவை செத்துவிடும்.

மண் இருந்தால் பாலிலோ சலைனிலோ பத்து விநாடிக்குள் அலசுங்கள். இரண்டும் இல்லையென்றால் குளிர்ந்த குழாய்த் தண்ணீர். தேய்ப்பது, சோப்பு, கைக்குட்டையால் துடைப்பது எதுவும் வேண்டாம். பல்லின் உட்புறம் சற்றுக் குழிவாக இருக்கும். அந்தப் பக்கம் நாக்கை நோக்கி இருக்குமாறு பிடித்து, குழிக்குள் மெதுவாக அழுத்துங்கள். பக்கத்துப் பல்லின் மட்டத்துக்கு வந்ததும் சுத்தமான துணியை மடித்துக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பயமாக இருக்கிறதா, பிள்ளை விடமாட்டேன் என்கிறானா? சரி, வற்புறுத்த வேண்டாம். டப்பாவில் பால் ஊற்றிப் பல்லைப் போட்டு மூடுங்கள். பால் இல்லையென்றால் பிள்ளையின் எச்சிலோ சலைனோ. தண்ணீரில் அந்தச் செல்கள் ஊதி வெடிக்கும், எனவே அது கடைசி வழி. காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் போடுவதுதான் எல்லாவற்றிலும் கெட்டது.

படி 6: விழாமல் ஆடினால், உடைந்தால்

ஆடுகிற பல்லை இழுத்து எடுக்காதீர்கள். நம் பெரியவர்கள் முதலில் செய்வது அதுதான். உடைந்த துண்டையும் பாலில் எடுத்துப் போங்கள், பல நேரம் ஒட்டிவிடலாம். துண்டு கிடைக்கவில்லையென்றால் உதட்டுக்குள் புதைந்திருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள். உடைந்த இடத்தில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் நரம்பு வெளியே வந்திருக்கிறது, அன்றைக்கே பார்க்க வேண்டும். வாய் கோணலாக மூடினால் தாடை உடைந்திருக்கலாம்.

படி 7: டாக்டரிடம்

பக்கத்தில் உள்ள பல் டாக்டரிடமோ அரசு மருத்துவமனைக்கோ போனில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மதுரை நகருக்குள் அரசு ராசாசி மருத்துவமனை இருக்கிறது. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்: எத்தனை மணிக்கு விழுந்தது, எவ்வளவு நேரம் காய்ந்து கிடந்தது, எதில் போட்டீர்கள். டாக்டர் அதை வைத்துத்தான் அடுத்து என்ன என்று முடிவெடுப்பார். டெட்டனஸ் தடுப்பூசி வேண்டுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் தாண்டிவிட்டாலும் போகாமல் இருக்க வேண்டாம்.

வழக்கமாக இரண்டு வாரம் கம்பி ஒட்டி வைப்பார்கள். அதுவரை இட்லி, குழைந்த ரசஞ்சாதம். பரோட்டா, முறுக்கு, கரும்பு கூடாது. மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்கச் சொல்லுங்கள். கம்பி எடுத்த பிறகும் பல் கறுத்தாலோ, ஈறில் கொப்புளம் வந்தாலோ உடனே திரும்பக் காட்ட வேண்டும். டாக்டர் சொல்லும் வரை கபடிக்கு அனுப்பாதீர்கள், அவன் எவ்வளவு கெஞ்சினாலும்.