உற்பத்தி லைனை கம்ப்யூட்டரில் வடிவமைப்பது எப்படி: முதலில் ஒரே ஒரு டேபிள்

புதிதாக ஒரு லைன் போடப் போகிறீர்கள், அல்லது இருக்கிற லைனிலேயே இன்னும் கொஞ்சம் பீஸ் கூடுதலாக எடுக்க வேண்டும். உடனே வரும் கேள்வி, "எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?" அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். லே அவுட்டுக்கு ஒன்று, சிமுலேஷனுக்கு (லைன் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது) ஒன்று, ஷெட்யூல் போட ஒன்று, கணக்குக்கு எக்செல் என்று எப்படியும் நாலு டூல் வந்து சேரும். நாலிலும் ஒரே மெஷினுக்கு நாலு சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸை முடிக்க ஆகும் நேரம், இருக்கும். ஒருங்கிணைந்த டூல் என்று விற்கப்படும் பெரிய பேக்கேஜை வாங்கினாலும் இந்தக் குழப்பம் தானாகத் தீராது, ஏனென்றால் குழப்பம் டேட்டாவில் இருக்கிறது.

அதனால் முதல் வேலை ஒரு டேபிள். பார்ட் நம்பர், ஆபரேஷன் வரிசை எண், மெஷின் ஐடி, ஒரு பீஸுக்கான நேரம், செட்டிங் நேரம், பேட்ச் அளவு, ரிஜெக்‌ஷன் சதவீதம், எந்தத் தேதியில் யார் அளந்தது, இவ்வளவு போதும். எல்லா டூலும் இந்த டேபிளிலிருந்துதான் எண்ணை எடுக்க வேண்டும், யாரும் மாடலுக்குள் கையால் எண்ணைத் தட்டக் கூடாது. பெரும்பாலான சிமுலேஷன் டூல்கள் எக்செல் அல்லது சிஎஸ்வி ஃபைலைப் படிக்கும், ஆகவே இதற்குப் பெரிய ஐடி வேலை எதுவும் வேண்டாம். மெஷின் ஐடி எல்லா இடத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். நேரம் நொடியா நிமிடமா என்பதை டேபிளில் அந்த நெடுவரிசையின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள், இது ஒன்றில் கோட்டை விட்டு ஒரு வாரம் வீணானதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது வெறும் கணக்கு, இதற்கு எக்செல் போதும். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஷிஃப்டுக்கு 450 நிமிடம் கையில் இருக்கிறது, 300 பீஸ் வேண்டும். அப்படியென்றால் 90 நொடிக்கு ஒரு பீஸ் வெளியே வர வேண்டும், இதுதான் டாக்ட் டைம். கட்டிங் 70 நொடி, டிரில்லிங் 80, வெல்டிங் 84. மூன்றும் 90-க்குக் கீழே, சரி, லைன் ஓடும் என்றுதான் தோன்றும். ஆனால் வெல்டிங் மெஷின் சராசரியாக 180 நிமிடம் ஓடிவிட்டு நிற்கிறது, சரிசெய்ய 20 நிமிடம் ஆகிறது என்றால் அது 90% நேரம்தான் கிடைக்கிறது. 84-ஐ 0.9-ஆல் வகுத்தால் 93 நொடிக்கு மேல் வருகிறது. லைன் இலக்கைத் தொடாது. சிமுலேஷனைத் திறக்காமலே இது தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த 84 நொடி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்ததா, இல்லை ஒரு ஷிஃப்டில் வந்த மொத்த பீஸை வைத்து வகுத்ததா? இரண்டாவது என்றால் பிரேக்டவுன் நேரம் ஏற்கெனவே அதற்குள் கலந்திருக்கிறது, அதன் மேல் மறுபடியும் பிரேக்டவுனைச் சேர்த்தால் ஒரே இழப்பை இரண்டு முறை கழிப்பீர்கள். அதே மாதிரி, 180 நிமிடம் என்பது மெஷின் உண்மையில் ஓடிய நேரமா, சும்மா நின்ற நேரத்தையும் சேர்த்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிமுலேஷன் டூல்களிலும் இதற்குத் தனி ஆப்ஷன் இருக்கும், அதை மாற்றி வைத்தால் விடை தவறாகத்தான் வரும்.

சரி, இப்போது என்ன செய்யலாம்? ரிப்பேர் நேரத்தை 10 நிமிடமாகக் குறைத்தால் வெல்டிங் சுமார் 88.7 நொடிக்கு வருகிறது. இலக்குக்குள் வந்தாச்சு என்று இங்கே நிறுத்திவிட வேண்டாம். மெஷினின் பயன்பாடு, அதாவது 88.7-ஐ 90-ஆல் வகுத்தது, இப்போது 98.5%. 1961-இல் ஜான் கிங்மன் கொடுத்த ஒரு தோராயச் சூத்திரம் இந்த இடத்தில் ரொம்ப உதவும்: வரிசையில் காத்திருக்கும் நேரம், பயன்பாட்டை மீதமுள்ள ஓய்வால் வகுத்தால் வரும் எண்ணைப் பொறுத்துக் கூடுகிறது. 80% பயன்பாட்டில் அந்த எண் 4, 90%-இல் 9, 95%-இல் 19. நம்முடைய 98.5%-இல் அது 66! சைக்கிள் நேரமும் பிரேக்டவுனும் கொஞ்சம் ஏறி இறங்கினால் போதும், வெல்டிங்குக்கு முன்னால் பீஸ் மலை போலக் குவியும். அப்புறம் இன்னொரு வழியையும் சேர்த்துப் பாருங்கள்: மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பீஸை இன்னொரு ஃபிக்ஸரில் (பீஸை அசையாமல் பிடிக்கும் அமைப்பு) மாட்டி வைத்தால் 8 நொடி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 84 என்பது 76 ஆகிறது, பயன்பாடு 89%-க்கு இறங்குகிறது, அந்த 66 வெறும் 8 ஆகிவிடுகிறது. எட்டே எட்டு நொடி.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் சிமுலேஷன். அரீனா, சிமியோ, ஃப்ளெக்ஸ்சிம், எனிலாஜிக், சீமென்ஸின் பிளான்ட் சிமுலேஷன் எல்லாம் காசு கொடுத்து வாங்குபவை. இலவசமாகத் தொடங்க ஜாம்சிம் இருக்கிறது, பைத்தான் தெரிந்தவர்களுக்கு சிம்பை இருக்கிறது. என் கருத்து, முதல் மாடலை இலவச டூலில் செய்து பாருங்கள். 3டி அனிமேஷன் மீட்டிங்கில் காட்ட நன்றாக இருக்கும், விடையை அது மாற்றாது.

மாடலில் முதலில் இன்றைய லைனைக் கட்டுங்கள், கனவு லைனை அல்ல. போன மாத ஆர்டரை அதில் ஓட்டி, உண்மையில் வந்த பீஸ் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லை என்றால் அந்த லைனில் வேலை செய்யும் ஆபரேட்டரை உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள், "இந்த இடத்தில் நாங்கள் இப்படிச் செய்வதில்லையே" என்று அவர் சொல்லும் ஒரு வரி எந்த ரிப்போர்ட்டிலும் கிடைக்காது. ரிப்பேர் நேரத்துக்கு சராசரியை மட்டும் போடாதீர்கள். பெரும்பாலான ரிப்பேர் சீக்கிரம் முடியும், எப்போதாவது ஒன்று அரை நாளை விழுங்கும், ஆகவே வலது பக்கம் நீளும் லாக்நார்மல் போன்ற பரவல் இதற்குப் பொருந்தும். காலி லைனில் தொடங்கும் முதல் சில மணி நேரத்தை முடிவில் சேர்க்க வேண்டாம். ஒரே ஒரு முறை ஓட்டி முடிவெடுக்கவும் வேண்டாம், ரேண்டம் சீடை (தற்செயல் எண்கள் எங்கிருந்து தொடங்கும் என்பதைச் சொல்லும் எண்) மாற்றிக் குறைந்தது பத்து முறை ஓட்டி, விடை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

மாடல் சரியா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை லிட்டில் விதி: உள்ளே நிற்கும் பீஸை, வெளியே வரும் வேகத்தால் வகுத்தால் ஒரு பீஸ் உள்ளே இருக்கும் நேரம் வரும். லைனுக்குள் சராசரியாக 600 பீஸ் நிற்கிறது, ஷிஃப்டுக்கு 300 வெளியே வருகிறது என்றால் ஒரு பீஸ் உள்ளே போய் வெளியே வர 2 ஷிஃப்ட் ஆக வேண்டும். உங்கள் சிமுலேஷன் வேறு ஏதாவது சொன்னால் எண்ணிக்கையில் எங்கோ ஓட்டை இருக்கிறது.

லே அவுட்டுக்கு அதே டேபிள்தான். எந்த மெஷினிலிருந்து எந்த மெஷினுக்கு ஒரு நாளில் எத்தனை டிரிப் என்று எடுத்து, தூரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள், அந்தக் கூட்டுத்தொகை குறைகிற அமைப்பைத் தேடுங்கள். கிடைத்த தூரங்களைத் திரும்பவும் டேபிளில் போட்டு சிமுலேஷனுக்குக் கொடுத்தால், ஒரே ஃபோர்க்லிஃப்டுக்காக இரண்டு மெஷின் காத்திருப்பது போன்றவை தெரிய வரும்.

மெஷினிலிருந்து நேரடியாக டேட்டா எடுக்க ஓபிசி யுஏ போன்ற ஸ்டாண்டர்டுகள் இருக்கின்றன, ஆனால் அது கடைசிப் படி. மாற்றத்தைச் செய்தபின் ஒரு வாரம் விட்டு மறுபடியும் அளந்து டேபிளைத் திருத்துங்கள். 76 என்று எதிர்பார்த்த வெல்டிங் நேரம் 79 வந்தால் காத்திருப்பைக் காட்டும் அந்த 8 என்ற எண் 12-ஐத் தாண்டிவிடும், மாடலைத் திரும்ப ஓட்டி, டெலிவரி தேதி சொல்பவரிடம் அன்றே புது எண்ணைக் கொடுங்கள்.