அவுட்பேக்குக்கும் ஆபீசுக்கும் ஒரே வண்டி: ஃபோர் வீல் டிரைவ் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிட்னியின் மேற்குப் புறநகரில் குடியிருக்கிறோம். வருடத்தில் நாற்பத்தொன்பது வாரம் எங்கள் வண்டிக்கு ஒரே வேலைதான்: பள்ளிக்கூடம், ரயில் நிலையம், சனிக்கிழமை காய்கறி, கோயில். மீதி மூன்று வாரம்தான் செம்மண், அதாவது அவுட்பேக் என்கிற ஆஸ்திரேலிய உள்நாடு. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வண்டி தேடத் தொடங்கியபோது நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் வண்டிகள் ஆற்றைக் கடந்துகொண்டே இருந்தன. ஒருவர்கூட ஷாப்பிங் சென்டரில் பார்க் செய்யவில்லை.

வாங்கி, அதன்மேல் தேவையில்லாத செலவும் செய்து, கடைசியில் எடைமேடையில் அசடு வழிந்த பிறகு எனக்குப் புரிந்த வரிசை இது. லோ ரேஞ்ச் என்பது மெதுவாக, ஆனால் அதிக விசையோடு ஓட்ட உதவும் கியர் வரிசை; அதற்குமேல் விளக்கப் போவதில்லை.

படி 1: வண்டிக்கு முன்னால் சாலையைத் தேர்ந்தெடுங்கள்

அடுத்த மூன்று வருடத்தில் உண்மையாகவே போகப்போகிற இடங்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஆசைப்படுகிற இடங்களை வேறு தாளில் எழுதுங்கள்.

நாட்டின் நடுவிலுள்ள பெரிய செம்பாறை உலுருவா? ஸ்டூவர்ட் ஹைவே, லாசெட்டர் ஹைவே என்று கடைசிவரை தார்ச் சாலை. தெற்கிலுள்ள நல்லர்போர் சமவெளியும் அப்படித்தான். இதற்கு உங்கள் பழைய கேம்ரி போதும். உங்கள் பட்டியல் இதோடு முடிந்துவிட்டால் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

அடுத்தது ஊட்னடாட்டா டிராக், பேர்ட்ஸ்வில் டிராக் மாதிரியான மண் சாலைகள். முதலாவது மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர். இரண்டாவது மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரை சுமார் 520. மழை இல்லாத நாளில், நல்ல டயர் இருந்தால், சுபாரு ஃபாரெஸ்டர் மாதிரி உயரமான ஆல் வீல் டிரைவ் வண்டியே மெதுவாகப் போய்விடும். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். பெரிய வண்டி வைத்திருக்கிறேன் என்று தடுப்பைத் தாண்டிப் போனால் அபராதம் கட்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

மூன்றாவது சிம்ப்சன் பாலைவனம், கேப் யார்க்கின் பழைய தந்திப் பாதை, 1,850 கிலோமீட்டர் கேனிங் ஸ்டாக் ரூட். இங்கே லோ ரேஞ்ச், கிரவுண்ட் கிளியரன்ஸ் (வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி), டிஃப் லாக் (சக்கரங்களைச் சேர்ந்து சுழல வைக்கும் பூட்டு) எல்லாம் வேலை செய்தாக வேண்டும்.

என் முதல் தாளில் முக்கால்வாசி இரண்டாவது வகை. சிம்ப்சன் மட்டும் இரண்டாவது தாளில் இருந்தது. அந்த ஒரு கனவுக்காக வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர் என்று ஏற்றிக்கொண்டு தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுவது வீண் என்பது என் கட்சி. அந்த ஒரு பயணத்துக்கு, எல்லாம் பொருத்திய வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாதையில் ஓட்ட அனுமதி உண்டா என்று மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: சிம்ப்சனில் உள்ள பூங்காக்கள் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியிருக்கும். பிள்ளைகளின் நீண்ட விடுமுறை அதற்குள் அடங்கிவிடும். எங்களுக்கு ஜூலை விடுமுறைதான் கதி.

படி 2: எடைக் கணக்கு (நான் விழுந்த குழி)

இந்தப் படியைத்தான் நான் தாண்டிக் குதித்தேன். விற்பனையாளர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வண்டிக்கும் ஜி.வி.எம். என்று ஓர் எண் உண்டு. வண்டி, எண்ணெய், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்துச் சக்கரங்கள் தாங்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச எடை அது. அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் பேலோடு, அதாவது நீங்கள் ஏற்றிக்கொள்ளக்கூடிய பாரம். இழுவைத் திறன் 3,500 கிலோ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வார்கள். பேலோடு எங்கோ கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

என் வண்டி ஏழு இருக்கை டீசல். வெறும் எடை 2,300, ஜி.வி.எம். 2,990. பாரத்துக்கு 690 கிலோ. அரை டன்னுக்கு மேல் இருக்கிறதே, குடும்பத்தையே இரண்டு முறை ஏற்றலாம் என்று நினைத்தேன்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, சும்மா ஒரு சந்தேகத்துக்கு, மரத்தூள், ஜல்லி எல்லாம் எடை போடுகிற பொது எடைமேடைக்குப் போனேன். சீட்டில் 3,080 என்று வந்தது. 90 கிலோ அதிகம். மேடையில் இருந்தவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, என்னைப் போல நிறைய அப்பாக்களைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டோம். நான் 82, மனைவி 64, பிள்ளைகள் இருவரும் 67, ஊரிலிருந்து வந்திருந்த அம்மா 58. ஆட்களே 271 கிலோ. கங்காருவுக்குப் பயந்து முன்னால் போட்ட இரும்புத் தடுப்பு, அதாவது புல் பார் 60. கூரை ரேக் 30, அதன்மேல் கூடாரம் 60. ஃபிரிட்ஜ் உள்ளிருப்பதோடு 45, அதற்கென்று இரண்டாவது பேட்டரி 28. பின்பக்கம் அழகாக இழுத்து மூடுகிற இழுப்பறைகள், காலியாகவே 70. தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ. இரண்டு கேன் டீசல் 40. இரண்டாவது ஸ்டெப்னி 35. கருவிகளும் மீட்புச் சாமானும் 30. துணி, அரிசி, பாத்திரம், அம்மாவின் இட்லிக் கொப்பரை உட்பட 80. கூட்டினால் 789. சீட்டில் வந்ததோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

எடை மீறினால் அபராதம் ஒரு பக்கம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் அதையே காரணமாகச் சொல்லி இழப்பீட்டை மறுக்கலாம். அதையும்விட, மண் சாலையில் குறுக்கே அலை அலையாக வரி விழுந்திருக்குமே, இங்கே காரகேஷன் என்பார்கள், அதில் மணிக்கணக்காக அதிரும்போது அதிக பாரம் முதலில் உடைப்பது பின்பக்க ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும்தான்.

இழுப்பறைகளைக் கழற்றி 70 கிலோ குறைத்தேன். கூரைக் கூடாரத்துக்குப் பதில் 15 கிலோவில் தரைக் கூடாரம் ஒன்று. மொத்தம் 115 கிலோ இறங்கியது, வண்டி 2,965-க்கு வந்தது. இரண்டாவது ஸ்டெப்னியையும் தண்ணீரையும் தொடவில்லை. இட்லிக் கொப்பரையைத் தொட எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே வாங்குமுன், ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய தகட்டிலோ கையேட்டிலோ ஜி.வி.எம். எண்ணைப் பாருங்கள். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையையும் உங்கள் குடும்பத்தின் எடையையும் கழியுங்கள். மீதி 350 கிலோவாவது இல்லாத வண்டியை நான் தொட மாட்டேன். மாடல் உயர உயரத் தோல் இருக்கை, சன்ரூஃப் என்று வெறும் எடை கூடி, பேலோடு குறைவதும் உண்டு. நடுத்தர வேரியன்ட்டை நான் விரும்புவதற்கு விலை மட்டும் காரணமில்லை.

படி 3: நாற்பத்தொன்பது வாரத்துக்கான சோதனை

டேப் எடுத்துக்கொண்டு போங்கள். பார்க்கிங் கட்டடங்கள் பலவற்றில் உயர வரம்பு 2.2 மீட்டர், பழையவற்றில் இன்னும் குறைவு. என் வண்டி ரேக்கோடு 1.98 மீட்டர். கூரைக் கூடாரம் இருந்தபோது 2.3. இரண்டு மாதம் காய்கறி வாங்கப் போனால் தெருவில்தான் நிறுத்தினேன்.

டீசல் என்றால் டி.பி.எஃப். என்கிற புகைக்கரி வடிகட்டியைப் பற்றி விசாரியுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போதுதான் அது சேர்த்த கரியை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். தினமும் நான்கு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், திரும்ப நான்கு கிலோமீட்டர் என்றால் அதற்கு வாய்ப்பே கிடைக்காது. ஐந்தாவது மாதம் எனக்கு மஞ்சள் விளக்கு எரிந்தது. இப்போது வாரம் ஒருமுறை அரை மணி நேரம் மோட்டார்வேயில் ஓட்டிவிட்டு வருகிறேன். அதற்கு நேரமில்லாதவர்கள் பெட்ரோல் வண்டியையும் யோசிக்கலாம்.

அப்புறம், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கடைக்கு அவர்களையும் அழைத்துப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புடவையோடு ஏற ஒரு பக்கப்படி தேவைப்பட்டது. அது நான் வண்டிக்குச் செய்த செலவுகளில் மிகவும் உருப்படியானது.

படி 4: முழுநேரமா, பகுதிநேரமா?

பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில், அதாவது வேண்டும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் விசை போகிறவற்றில், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு தூரம் சுற்ற வேண்டும், அது முடியாமல் இறுக்கம் சேரும். மண்ணில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துவிடும். காய்ந்த தார்ச் சாலையில் கியர் பாகங்கள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும். இசுஸு எம்யூ-எக்ஸ் இந்த வகை. பிராடோவும் லேண்ட்குரூஸர் 300-உம் எப்போதும் நான்கு சக்கரத்தில் ஓடுபவை. பஜெரோ ஸ்போர்ட்டில் தேவைப்பட்டால் தார்ச் சாலையிலும் போட்டுக்கொள்ளலாம்.

மழையில் நனைந்த ரவுண்டானாவில் தினமும் திரும்புகிறவன் என்ற முறையில் எனக்கு முழுநேரம்தான் பிடிக்கும். பகுதிநேரம் எளிமையானது, மலிவானது என்பவர்களும் தவறில்லை.

படி 5: டாங்க், டயர்

பேர்ட்ஸ்வில் டிராக்கில் இடையில் முங்கரானியில் எண்ணெய் கிடைக்கும். அங்கிருந்து பேர்ட்ஸ்வில் சுமார் 310 கிலோமீட்டர். 80 லிட்டர் டாங்க் தாராளம். சிம்ப்சனில் மவுண்ட் டேரை விட்டால் பேர்ட்ஸ்வில்தான், சுமார் 500 கிலோமீட்டர், அதுவும் மணல் மேடு ஏறி ஏறி. விளம்பரத்தில் சொல்கிற மைலேஜை அங்கே மறந்துவிடுங்கள்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். உள்நாட்டின் பல பங்க்குகளில் சாதாரண பெட்ரோலுக்குப் பதில் ஓபல் என்ற எரிபொருள்தான் இருக்கும். பெட்ரோலை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் தடுக்க 2005-இல் வந்தது. அது 91 ஆக்டேன். 95 கேட்கிற வண்டி என்றால் கையேட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

டயரில் என் பிடிவாதம்: 17 அங்குல ரிம், லைட் டிரக் வகை ஆல் டெரைன், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் ஏற்ற கெட்டியான டயர். 20 அங்குலம் பளபளவென்று இருக்கும். மாரீயில் கிழிந்தால் அந்த அளவுக்கு எங்கே போவீர்கள்? மண் சாலையில் காற்றை 28 பிஎஸ்ஐ அளவுக்கும், மணலில் 16-18 அளவுக்கும் இறக்குகிறேன். திரும்ப நிரப்ப, பேட்டரியிலேயே நேராக மாட்டுகிற கம்ப்ரஸரை வாங்குங்கள். சிகரெட் லைட்டரில் செருகுகிறது பொம்மை. எஞ்சினுக்குக் கூரை உயரத்திலிருந்து காற்றிழுக்கும் குழாயான ஸ்னார்க்கல்? எனக்கு இன்றுவரை தேவைப்படவில்லை.

படி 6: பழைய வண்டி என்றால்

பி.பி.எஸ்.ஆர். என்கிற அரசுப் பதிவேட்டில் தேட 2 டாலர். கடன் பாக்கி, திருட்டு, பழுதுபார்ப்பது வீண் என்று காப்பீட்டு நிறுவனம் எழுதித்தள்ளிய வண்டியா என்பது தெரிந்துவிடும். பின்பு கீழே படுத்துப் பாருங்கள். செம்மண் இருந்தால் பயமில்லை. கடற்கரை மணலில் ஓடி உப்புத் துரு ஏறியிருந்தால் நடையைக் கட்டுங்கள்.

சேர்க்கை 1: கேரவன் இழுத்தால் பேலோடு குறையுமா என்று அதை இழுப்பவர்கள் கேட்டிருந்தார்கள். கொக்கியின்மேல் அழுத்துகிற பாரமும் உங்கள் பேலோடில் சேரும். 2,500 கிலோ கேரவன், அதில் பத்து சதவீதம் என்று வைத்தால் 250 கிலோ போய்விட்டது. என் கணக்கில் அது புல் பார், ஃபிரிட்ஜ், தண்ணீர், ஸ்டெப்னி, மீட்புச் சாமான், டீசல் கேன் எல்லாவற்றுக்கும் சமம்.

சேர்க்கை 2: மூன்றாவது வரிசையில் குழந்தை இருக்கை போடலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். பல வண்டிகளில் அங்கே மேல்பட்டை மாட்டும் கொக்கியே கிடையாது, ஆஸ்திரேலியக் குழந்தை இருக்கைகளுக்கோ அது அவசியம். இருக்கையைக் கையோடு எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள்.

சேர்க்கை 3: ஜி.வி.எம்.-ஐ ஸ்பிரிங் மாற்றி ஏற்றிக்கொள்ளலாமே என்றார் இன்னொருவர். அங்கீகாரம் பெற்றவர்கள் செய்து, சான்றிதழும் தந்தால் சரி. புது வண்டி என்றால் பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். எங்கள் பின் அச்சின் எடையைத் தனியாகப் பார்த்தது இவர் கேட்ட பிறகுதான். மொத்தம் வரம்புக்குள் இருந்தும் பின் அச்சில் 20 கிலோ மீறியிருந்தது. தண்ணீர் கேன்களை இரண்டாவது வரிசையின் காலடிக்கு நகர்த்தினோம். இப்போது மகள் அவற்றின்மேல்தான் கால் வைத்துக்கொண்டு வருகிறாள்.