ஆர்.சி. கார் கழட்டிப் பூட்ட என்ன டூல்ஸ் வேணும்? வன்னியில இருந்து தொடங்குற ஆக்களுக்கு

ரிமோட்டால ஓடுற சின்னக் கார், அதுதான் ஆர்.சி. கார், வந்த கையோட பெடியள் கேக்கிறது எந்த மோட்டர் போட்டால் இன்னும் ஓடும், எந்த ரயர் கிரவலுக்குப் பிடிக்கும் எண்டுதான். என்னட்டக் கேட்டால் அந்தக் காசில முதல்ல மூண்டு அலன் டிரைவர் (ஆறு மூலை முனை ஸ்குறூ டிரைவர்) வேண்டுங்கோ எண்டு சொல்லுவன். 1.5, 2, 2.5 மி.மீ. இந்த மூண்டும் நல்ல இரும்பில இருந்தால் காரில முக்கால்வாசி வேலை அதோடயே முடியும், மூண்டும் மட்டமா இருந்தால் எவ்வளவு விலையான கார் எண்டாலும் ஒரு வருசத்துக்குள்ள கழட்டேலாத காராப் போயிடும்.

கார் ஓடுறது, ரிமோட் பழகுறது, சார்ஜ் போடுறது எல்லாம் பெட்டிக்குள்ள வாற புத்தகத்தில இருக்கு, அதை விடுறன். கழட்டிப் பூட்டுறது மட்டும்தான் இதில.

முதல் வேலை: உங்கட காரில என்ன ஸ்குறூ எண்டு பாருங்கோ

காரைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தை வடிவாப் பாருங்கோ. ஆறு மூலை ஓட்டை எண்டால் அலன், சிலுவை மாதிரி வெட்டு எண்டால் பிளஸ். உண்மைக் காரின்ர பத்தில ஒரு பங்கு அளவு காருகள்ல கூடுதலா வாறது எம்3 ஸ்குறூ, அதாவது தண்டு 3 மி.மீ. இங்கதான் புதுசா வாற ஆக்கள் குழம்புறது, ஏனெண்டால் ஒரே எம்3 தான், ஆனால் தலைக்குத் தலை சாவி மாறும். உருண்டைத் தலையும், சசியோட (அடித்தட்டோட) சமனாப் பதியுற கூம்புத் தலையும் 2 மி.மீ. உயரமான சிலிண்டர் மாதிரித் தலை 2.5 மி.மீ. தலையே இல்லாமல் உள்ளுக்குள்ள இறங்கிற கிறப் ஸ்குறூ 1.5 மி.மீ. எம்4 வந்தால் இதே வரிசையில 2.5, 3, 2 எண்டு ஒவ்வொரு படி கூடும். இதை ஒரு மட்டையில எழுதி டூல்ஸ் பெட்டி மூடிக்குள்ள ஒட்டி வையுங்கோ.

பிளஸ் தலை எண்டால் இன்னொரு விசயம். டாமியா மாதிரி ஜப்பான் கிட்டுகள்ல வாற பிளஸ், நாங்கள் கடையில சாதாரணமா வேண்டுற பிலிப்ஸ் இல்லை, ஜே.ஐ.எஸ். எண்ட ஜப்பான் அளவு. பாக்க ஒண்டு போலதான் இருக்கும், ஆனால் பிலிப்ஸ் முனை அதுக்குள்ள அடி மட்டும் இறங்காது, கொஞ்சம் இறுக்கின உடன மேல எகிறி வெட்டைத் தின்னும். பழைய ஜப்பான் மோட்டர் சைக்கிள் எஞ்சின் கவருகளுக்கும் இதே கரைச்சல் இருக்கு, கராஜ்காரரைக் கேட்டால் சொல்லுவினம். வெசல் எண்ட ஜப்பான் கொம்பனி டிரைவர் ஒண்டு, 2ஆம் நம்பர், அது காணும். சின்னச் சீனக் காருகளுக்கு 1ஆம் நம்பரும் தேவைப்படும்.

ரெண்டாவது: வேண்டுறது

எல் வடிவ அலன் கீ கார் பெட்டிக்குள்ளயே வரும். அதை வழியில அவசரத்துக்கு வச்சிருங்கோ, வீட்டு வேலைக்கு வேண்டாம். நீட்டுக் கம்பியும் பிடியும் இருக்கிற டிரைவர்தான் நேரா நிக்கும், நேரா நிண்டால்தான் ஸ்குறூத் தலை பிழைக்கும்.

கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ ஹாட்வெயார் கடையில அலன் செட் கேட்டால் மில்லி மீட்டரும் அங்குலமும் கலந்த செட்டைத்தான் கனபேர் எடுத்துத் தருவினம். வேண்டலாம், ஆனால் வீட்ட வந்த உடன அங்குலச் சாவியளைப் பிரிச்சு வேற பைக்குள்ள போடுங்கோ. காரணம் 3/32 அங்குலம் எண்டது 2.38 மி.மீ. கண்ணுக்கு 2.5 மாதிரியே இருக்கும், 2.5 ஓட்டைக்குள்ள லேசாப் போகும், போய் நிண்டு ஒரு இறுக்கு இறுக்க உள் மூலை ஆறும் வட்டமாயிடும். 5/64 எண்டது 1.98, அது 2க்குக் கிட்டத்தட்டச் சரியா வரும், ஆபத்து அந்த 3/32 தான்.

பிராண்ட் எண்டால் என்ர விருப்பத்தைச் சொல்லுறன். அமெரிக்காவின்ர எம்.ஐ.பி., ஸ்லோவாக்கியாவின்ர ஹூடி ரெண்டும் ஆர்.சி. ஆக்களுக்கெண்டே செய்யுறது, சரியான விலை, ஆனால் முனை அவ்வளவு இறுக்கமா உக்காரும். ஜெர்மனியின்ர வேரா சாதாரண வேலைக்குச் செய்யுற கொம்பனி, அவையின்ர ஹெக்ஸ் பிளஸ் எண்ட அலன் முனை மூலையில மட்டும் அழுத்தாமல் பக்கத்திலயும் பரவி அழுத்தும், தலை தேயிறது குறையும். எல்லாத்துக்கும் காசு இல்லை எண்டால் 2 மி.மீ. ஒண்டை மட்டும் நல்லதா வேண்டி மற்றதுகளை சீன செட்டில எடுங்கோ, கூடப் பாவிக்கிறது அந்த 2 தான். கலர் கலரா அலுமினியப் பிடி போட்டு வாறதில பிடியைப் பாக்காமல் முனை என்ன இரும்பு எண்டு பாருங்கோ, எஸ்2 எண்டு போட்டிருந்தால் நல்லம்.

உருண்டை முனை அலன் எனக்கு விருப்பமில்லை. சரிச்சுத் திருப்பலாம் எண்டது உண்மை, ஆனால் தொடுற இடம் குறைவு. லூசான ஸ்குறூவைக் கெதியாக் கழட்ட மட்டும் வச்சிருங்கோ, இறுகின ஸ்குறூவில முதல் திருப்பு உருண்டை முனையால வேண்டவே வேண்டாம்.

முனை தேஞ்சிட்டுது எண்டு எறியவும் தேவையில்லை. தேயிறது கடைசி ஒண்டு ரெண்டு மி.மீ. தான். கிறைண்டரில அந்தத் துண்டை நேரா வெட்டிவிட்டால் புது மூலை வந்திடும், இடைக்கிடை தண்ணிக்குள்ள தோச்சுத் தோச்சுச் செய்யுங்கோ, இரும்பு நீலமாச் சுட்டுதெண்டால் பலம் போயிடும்.

மூண்டாவது: பிளாஸ்டிக்குக்குள்ள பூட்டுறது

பிளாஸ்டிக்குக்குள்ள போற ஸ்குறூ தானே மரை வெட்டிக்கொண்டு போகும். ஒருக்காக் கழட்டித் திரும்பப் பூட்டேக்க உடன வலப்பக்கம் திருப்பாமல் முதல்ல இடப்பக்கம் மெதுவாத் திருப்புங்கோ, ஒரு இடத்தில டிக் எண்டு ஸ்குறூ கொஞ்சம் கீழ விழும், அதுதான் பழைய மரை தொடங்குற இடம், அங்க இருந்து வலப்பக்கம் போங்கோ. இப்பிடிச் செய்தால் அந்த ஓட்டை கனகாலம் இருக்கும். புது ஓட்டை எண்டால் ஸ்குறூ முனையை சோப்புக் கட்டியில ஒருக்கா உரசிப்போட்டுப் பூட்டுங்கோ. பற்றரி ட்ரில்லால கடைசி இறுக்கு இறுக்கிறதை விடுங்கோ, கைக்குத் தெரியுறது மெசினுக்குத் தெரியாது.

நாலாவது: பினியன் கிறப் ஸ்குறூ, இதில நிண்டு வாசியுங்கோ

மோட்டர் சுத்துது, கார் ஓடேல்ல எண்டு கொண்டு வாற காருகள்ல கனக்க இதுதான். மோட்டர் கம்பியில இருக்கிற பினியன் எண்ட சின்னப் பல்லுச் சக்கரத்தை ஒரு எம்3 கிறப் ஸ்குறூ பிடிச்சிருக்கு, அது லூசாப் போகும். எங்கட கிரவல் ரோட்டு அதிர்வுக்கு இன்னும் கெதியா.

மோட்டர் கம்பியில ஒரு பக்கம் தட்டையா வெட்டியிருக்கும். கிறப் ஸ்குறூ அந்தத் தட்டைக்கு நேரா வரவேணும். பிறகு கம்பியையும் ஸ்குறூவையும் ஓட்டையையும் பாமசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால எண்ணெய் இல்லாமல் துடையுங்கோ. எண்ணெய் இருந்தால் மரைப் பசை வடிவாப் பிடிக்காது. நீல நிற லொக்டைட் 243 எண்ட மரைப் பசை ஒரு சின்னத் துளி ஸ்குறூ மரையில வச்சு, 1.5 டிரைவரை அடி மட்டும் இறக்கி, நேராப் பிடிச்சு இறுக்குங்கோ. பத்து நிமிசத்தில பிடிக்கத் தொடங்கும், முழுப் பலம் வர 24 மணித்தியாலம் வேணும், அதால பின்னேரம் பூட்டினால் அடுத்த நாள் பின்னேரம் ஓடுங்கோ.

சிவப்பு லொக்டைட் இந்த வேலைக்கு வேண்டாம், அது நல்லாச் சூடாக்காமல் கழராது. நீலத்தைப் பிளாஸ்டிக்கிலயும் பூசாதேங்கோ, சில பிளாஸ்டிக் அதால வெடிக்கும். இரும்புக்குள்ள இரும்பு போற இடத்தில மட்டும்.

பினியனைப் பூட்டின பிறகு பெரிய பல்லுச் சக்கரத்துக்கும் அதுக்கும் நடுவில ஒரு கடதாசித் துண்டை விட்டு நெருக்கி மோட்டரை இறுக்கிப்போட்டு, சக்கரத்தைச் சுத்திக் கடதாசியை எடுங்கோ. அந்த இடைவெளி காணும். கடதாசி கிழியாமல் பல்லு அடையாளத்தோட நெளிஞ்சு வந்தால் சரி.

அஞ்சாவது: தலை வட்டமாப் போன ஸ்குறூ கழட்டுறது

நான் முதல் வேண்டினது செகண்ட் ஹாண்ட் பக்கி (மண்ணில ஓடுற வகை ஆர்.சி. கார்) ஒண்டு. முந்தி வச்சிருந்த ஆள் கிடைச்ச சாவி எல்லாத்தாலயும் திருகியிருக்கிறார், டிஃப் எண்ட பல்லுச் சக்கரப் பெட்டி மூடியின்ர ஸ்குறூ எல்லாம் உள்ளுக்கு வட்டம். அதைக் கழட்ட நான் மினக்கெட்ட மாதிரி வேற எதுக்கும் மினக்கெடேல்ல. அதில இருந்து பிடிச்ச வரிசை இது, மேல இருந்து ஒவ்வொண்டாப் பாருங்கோ.

ஊசியால ஓட்டைக்குள்ள இருக்கிற மண்ணைக் கிண்டி எடுங்கோ. எங்கட செம்மண் எண்ணெயோட சேந்து உள்ளுக்கு இறுகிக் கிடக்கும், பாதிநேரம் தலை பழுதில்லை, சாவி அடி மட்டும் இறங்கேல்ல, அவ்வளவுதான்.

அதுக்கும் சரிவரேல்ல எண்டால் நட்சத்திர வடிவ டோர்க்ஸ் பிட். 2 மி.மீ. ஓட்டைக்கு டி8, அது சுத்தினால் அடுத்த சைஸ். சின்னச் சுத்தியலால தட்டி இறக்கி, அழுத்திக்கொண்டு மெதுவாத் திருப்புங்கோ. எனக்குக் கூடுதலா வேலை செய்தது இதுதான். ரப்பர் பாண்டை நடுவில வச்சுத் திருப்பச் சொல்லி எல்லா இடமும் எழுதியிருக்கினம், இவ்வளவு சின்னத் தலைக்கு அது எனக்குச் சரிவரேல்ல.

உருண்டைத் தலை மேல நிக்குதெண்டால் ஹக்சோ பிளேட்டால குறுக்க ஒரு வெட்டு வெட்டி மைனஸ் டிரைவரால திருப்பலாம். லொக்டைட் போட்டு இறுகினதெண்டால் ஈயம் ஒட்டுற அயனின்ர முனையை ஸ்குறூவில கொஞ்ச நேரம் வச்சுச் சூடு ஏத்தி, ஆற முந்தித் திருப்புங்கோ. பிளாஸ்டிக்குக்குள்ள இருக்கிற ஸ்குறூவுக்கும் இந்தச் சூடு உதவும், ஆனால் கொஞ்சமா, கூட வச்சால் மரையே உருகிடும்.

கடைசி வழி 3 மி.மீ. ட்ரில் பிட்டால தலையை மட்டும் துளைச்சு எடுக்கிறது. தலை கழண்டால் மூடி வரும், மிச்சம் நிக்கிற தண்டை வைஸ் கிறிப்பால பிடிச்சுத் திருப்பலாம். புது ஸ்குறூ கையில இருந்தால் மட்டும் இதைத் தொடங்குங்கோ, எம்3 அலன் ஸ்குறூ இஞ்ச எல்லாக் கடையிலயும் இல்லை, கொழும்பில இருந்து வர நாள் எடுக்கும்.

மிச்ச டூல்ஸ் சுருக்கமா

சில்லு நட்டுக்கு: பத்தில ஒரு பங்கு காருக்கு 7 மி.மீ., எட்டில ஒரு பங்கு பக்கிக்கு 17 மி.மீ. எம்3 நைலோன் நட்டுக்கு 5.5. நைலோன் வளையம் உள்ள நட்டு கையால சுத்தவே போகுதெண்டால் அதை மாத்துங்கோ. நீட்டு மூக்குக் குறடு ஒண்டு. ஸ்டியரிங் கம்பி முறுக்க ஒல்லியான சின்ன ஸ்பனர், கூடுதலா 4 அல்லது 5.5. அந்தக் கம்பியில ஒரு பக்கம் இடது மரை, அதால கழட்டாமலே நீளம் கூட்டிக் குறைக்கலாம். பொடி, அதாவது காரின்ர பொலிகார்பனேட் பிளாஸ்டிக் மேல் கூடு, அதை வெட்ட வளைஞ்ச கத்தரிக்கோல், அதில ஓட்டை போட ரீமர் எண்ட கூம்புக் கருவி. ஓட்டையைக் கத்தியால கிண்டினால் அந்தக் கீறலில இருந்துதான் பொலிகார்பனேட் வெடிக்கத் தொடங்கும்.

ஈயம் ஒட்ட 60 வாட் அயன் வேணும், ரேடியோ திருத்துற 25 வாட் பற்றரி வயருக்குக் காணாது. ஈயம் பிடிக்கப் பூசுற பிளக்ஸில பிளம்பர் பாவிக்கிற அசிட் வகை வேண்டாம், ரோசின் வகை. பற்றரியின்ர பிளக்கை மாத்தேக்க ஒரு நேரத்தில ஒரு வயர் மட்டும் வெட்டி, ஒட்டி, மூடிப்போட்டு மற்றதைத் தொடுங்கோ, ரெண்டையும் ஒண்டா வெட்டின குறடு பற்றரியை ஷோட் ஆக்கும். சோளகக் காத்து நேரம் விறாந்தையில இருந்து ஒட்டாமல் அறைக்குள்ள இருங்கோ, காத்துக்கு அயன் முனை சூடு நிக்காது.

புழுதிக்கு பெயின்ட் பிரஸ் ஒண்டும் சைக்கிள் பம்பும் காணும். சஸ்பென்சன் மூட்டுகளுக்கு எண்ணெய் விடாதேங்கோ, எங்கட புழுதி அதில ஒட்டி அரைக்கும். டபிள்யூ.டி.40 பெயரிங்குக்கு எண்ணெய் இல்லை, இருக்கிற கிறீசையும் கழுவிக்கொண்டு போயிடும், பெயரிங்குக்கு தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி.

பிறகு சேர்த்தது

முல்லைத்தீவில இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தவர், கனடாவில இருந்து மாமா குடுத்துவிட்ட பழைய பக்கிக்கு நான் சொன்ன ஒரு சாவியும் சரிவரேல்லயாம். படம் அனுப்பச் சொல்லிப் பாத்தன், அமெரிக்கக் கார். பழைய டீம் அசோசியேட்டட் காருகள், 1984ல வந்த ஆர்.சி.10 எல்லாம், அங்குல ஸ்குறூ. அதுக்கு .050, 1/16, 3/32 தான் வேணும். ஹாட்வெயார் செட்டில இருந்து பிரிச்சு வைக்கச் சொன்ன பை அந்தத் தம்பிக்குத்தான், அவர் பிரிச்சு வைக்கவேண்டியது மில்லி மீட்டரை. ஸ்குறூ மாத்தேக்கயும் கவனம் தம்பி, எம்3ஐ அந்த ஓட்டைக்குள்ள விட்டால் ரெண்டு சுத்து போய் இறுகும், பிறகு அலுமினிய மரை போயிடும்.

மாரியில டூல்ஸ் கறள் பிடிக்குது எண்டும் ரெண்டு மூண்டு பேர் கேட்டிருக்கினம். ஐப்பசி தொடங்க முந்தி எல்லா முனையையும் துடைச்சு, தையல் மெசின் எண்ணெய் தோச்ச துணியால ஒருக்காத் தடவி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள போடுங்கோ. தேங்காய் எண்ணெய் பூசாதேங்கோ, நாள்போகப் பிசினாகும். திரும்ப எடுத்துப் பாவிக்க முந்தி முனையை வடிவாத் துடையுங்கோ, எண்ணெய் முனை ஸ்குறூத் தலைக்குள்ள வழுக்கும்.